நைஜீரியாவுல பொண்ணுக்கு லிட்ரேச்சர் பரீட்சை: புத்தகத்தையே படிக்கணுமா, நோட்ஸ் போதுமா?

லாகோஸ்_வாணி:

வணக்கம் எல்லாருக்கும். நாங்க லாகோஸ்ல இக்கேஜா பக்கம் இருக்கோம். பொண்ணு இங்க லோக்கல் செகண்டரி ஸ்கூல்ல எஸ்எஸ் டூ, அதாவது சீனியர் செகண்டரி ரெண்டாவது வருஷம் படிக்கிறா, 2025 மே-ஜூன்ல வேயெக்ங்கற மேற்கு ஆப்பிரிக்கப் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதணும். லா தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. லாவுக்கு லிட்ரேச்சர்ல கிரெடிட் வேணும், சி6 கிரேடுக்குக் கீழ போச்சுன்னா சீட்டை மறந்துட வேண்டியதுதான்னு சொல்றாங்க. மத்த பாடமெல்லாம் பக்கத்துல உக்காந்து பார்த்துக்குவேன், நான் பி.காம். ஆனா இந்த லிஸ்ட்டைப் பார்த்தா மலைப்பா இருக்கு, நாலு நாவல், நாலு நாடகம், பன்னெண்டு கவிதை, அதுக்கு மேல ஷேக்ஸ்பியர் வேற. டியூஷன் சார் என்ன சொல்றார்னா ஒரிஜினல் புத்தகம் எதையும் வாங்காதீங்க, யாபா மார்க்கெட்ல எல்லாத்துக்கும் சேர்த்து சுருக்கப் புத்தகம் கிடைக்கும், கேரக்டர், தீம், கதைச்சுருக்கம் எல்லாம் அதுலயே இருக்கு, உருப்போட்டா போதும்ங்கறார். பொண்ணுக்கு அது பிடிக்கலை. எனக்கு எது சரின்னு சொல்லத் தெரியலை. மேற்கு ஆப்பிரிக்காவுல பிள்ளைங்களைப் படிக்க வச்சவங்க, பாடம் நடத்தினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

அக்ரா_செல்வம்:

வாணி சிஸ்டர், முதல்ல பரீட்சை எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கோங்க, பாதி பயம் போயிடும். என் பையன் கானாவுல எழுதினான், அதே வேயெக் தான், நைஜீரியா, கானா, சியரா லியோன், காம்பியா, லைபீரியா அஞ்சு நாட்டுக்கும் ஒரே கவுன்சில்.

மொத்தம் மூணு பேப்பர். முதல் பேப்பர் ஆப்ஜெக்டிவ், ஒரு மணி நேரத்துல 50 கேள்வி. அதுல 20 கேள்வி இலக்கியப் பொது அறிவு, அதாவது சானெட்னா என்ன, எலிஜின்னா என்ன, உருவகம் எது உவமை எதுங்கற மாதிரி. 5 கேள்வி முன்னப்பின்ன பார்க்காத ஒரு உரைநடைப் பத்தியில இருந்து, 5 கேள்வி பார்க்காத ஒரு கவிதையில இருந்து. மிச்சம் 20 கேள்வியும் ஷேக்ஸ்பியர் நாடகத்துல இருந்து. ரெண்டாவது பேப்பர் நாவல், ஒண்ணேகால் மணி நேரம், ஆப்பிரிக்க நாவல்ல ஒரு கட்டுரை, ஆப்பிரிக்கா அல்லாததுல ஒரு கட்டுரை. மூணாவது பேப்பர் நாடகமும் கவிதையும், ரெண்டரை மணி நேரம், நாலு கட்டுரை. கட்டுரை ஒவ்வொண்ணுக்கும் 25 மார்க்.

இப்ப கவனிங்க. நாவல், நாடகம் ரெண்டுலயும் ஒவ்வொரு பிரிவுக்கும் ரெண்டு புத்தகம் வச்சிருக்காங்க, ஆனா ஒரு கேள்விக்குத்தான் பதில் எழுதணும், ஒவ்வொரு புத்தகத்துலயும் ரெண்டு கேள்வி வரும். அப்போ பிரிவுக்கு ஒரு புத்தகத்தை நல்லாப் படிச்சா போதும். எட்டு புத்தகம் நாலா குறைஞ்சிடுது. கவிதையில மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, ஆறு கவிதையில எந்த ரெண்டு வரும்னு யாருக்கும் தெரியாது, அதனால ஆறையும் படிச்சே ஆகணும்.

டெமா_கார்த்தி:

நான் இந்தப் பரீட்சையை எழுதினவன், கானாவுல டெமாவுல படிச்சேன், இப்ப கோயம்புத்தூர்ல வேலை. செல்வம் அண்ணா சொன்ன கணக்கு கரெக்ட். ஆனா வாணி அக்கா, டியூஷன் சார் சொல்றதையும் சும்மா தள்ளிட முடியாது. பசங்க எட்டு ஒன்பது பாடம் எழுதணும், இங்கிலீஷ், மேத்ஸ், கவர்ன்மென்ட், சி.ஆர்.எஸ்.ங்கற கிறிஸ்தவ சமயப் பாடம் எல்லாம் இருக்கு, நைஜீரியாவுல அதுக்கு மேல காலேஜ் நுழைவுத்தேர்வு ஜாம்ப் வேற எழுதணும். இதுக்கு நடுவுல எமிலி ப்ரான்டியோட வதரிங் ஹைட்ஸை முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படின்னா எத்தனை பேரால முடியும், அது 1847-ல வந்த புத்தகம், அதுல ஜோசஃப்னு ஒரு வேலைக்காரன் பேசுற யார்க்‌ஷயர் பேச்சு இங்கிலாந்துக்காரனுக்கே புரியாது. எங்க கிளாஸ்ல முக்கால்வாசிப் பேர் நோட்ஸ் வச்சுத்தான் எழுதினாங்க, பாஸும் ஆனாங்க.

கடுனா_வாத்தியார்:

தம்பி கார்த்தி, பாஸ் ஆறது வேற, கிரெடிட் வாங்கறது வேற. நான் எண்பதுகள்ல கடுனாவுல அரசுப் பள்ளியில இங்கிலீஷ் நடத்தினவன், அந்தக் காலத்துல நம்ம ஊர் வாத்தியார்கள் நிறையப் பேர் வடக்கு நைஜீரியாவுக்கு வந்தோம், எண்ணெய்க் காசு இருந்த நேரம், தொடங்கின பள்ளிக்கெல்லாம் வாத்தியார் பத்தலை. இப்ப திருநெல்வேலியில இருக்கேன், ஆனா பாடப்பட்டியல் மாறும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கிற பழக்கம் விடலை.

வேயெக் தன்னோட இணையதளத்துல பழைய கேள்வித்தாளையும் தலைமைத் தேர்வாளர் அறிக்கையையும் இலவசமாப் போட்டிருக்கு. வாணிம்மா, சுருக்கப் புத்தகம் வாங்கறதுக்கு முன்னாடி அதைப் படிங்க. திரும்பத் திரும்ப வர்ற குறை ஒண்ணு: கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாம கதையைச் சொல்லிட்டுப் போறாங்க. நோட்ஸ் படிச்ச பிள்ளைக்குக் கதை மட்டும்தானே தெரியும், அது வேற எதை எழுதும்?

நைஜீரிய எழுத்தாளர் சோயின்காவோட தி லயன் அண்ட் தி ஜூவல் நாடகத்தை எடுத்துக்கிறேன், இது 2021-2025 பட்டியல்ல இருக்கு, 1959-ல இபதான்ல மேடை ஏறினது. நோட்ஸ்ல என்ன போட்டிருப்பான்? பள்ளிக்கூட வாத்தியார் லகுன்லே நவீனம், ஊர்த் தலைவர் பரோகா பழமை, சிடிங்கற பொண்ணுக்காக ரெண்டுக்கும் மோதல், பழமை ஜெயிக்குது. இதை எழுதினா பத்து மார்க் தேறலாம். ஆனா நாடகத்தைப் படிச்ச பிள்ளைக்குத் தெரியும் இது அப்படி இல்லேன்னு. முதல் காட்சியில சிடி தலையில தண்ணி வாளியோட வர்றா, பள்ளிக்கூடத்துக்குள்ள பசங்க வாய்ப்பாடு சொல்ற சத்தம் கேக்குது, லகுன்லே ஓடி வந்து வாளியை வாங்கிக்கிறான், பொம்பளை தலையில சுமை தூக்கக்கூடாதாம். அதே லகுன்லே அவளுக்குப் பரிசப் பணம் கொடுக்க மாட்டேங்கறான், அது காட்டுமிராண்டி வழக்கம்னு பெரிசா பேசறான். சரி, கொள்கைக்காரன்னு நினைப்போம். கடைசியில பரோகா வீட்டுல இருந்து சிடி திரும்பி வந்த உடனே என்ன சொல்றான்? இப்ப நீ கன்னி இல்லை, இனிமே பரிசப் பணத்துக்கு யாரும் வாயைத் திறக்க முடியாதுன்னு சந்தோஷப்படறான்! அவனோட நவீனம் எவ்வளவு ஆழம்னு அந்த ஒரு இடத்துல தெரிஞ்சு போகுது. கதைச்சுருக்கத்துல இது ஒரு வரி கூட வராது.

அந்தப் பக்கம் பரோகா, 62 வயசுக் கிழவர், ஊர்த் தலைவர். ரயில் பாதை ஊருக்குள்ள வரக்கூடாதுன்னு சர்வேயருக்கு லஞ்சம் கொடுத்துத் திருப்பி விட்டவர். ஆனா சிடியை மடக்கறது எதை வச்சு? உன் முகத்தைப் போட்டு தபால்தலை அச்சடிப்பேன்னு சொல்லி. பழமைன்னு முத்திரை குத்தின ஆள் கையில இருக்கிறது அச்சு மெஷின். அப்ப யார் நவீனம், யார் பழமை? இந்தக் கேள்வியைக் கேட்டு, ரெண்டு காட்சியை ஆதாரமாக் காட்டி எழுதற பிள்ளைக்கு யாரும் மார்க் குறைக்க முடியாது.

இன்னொண்ணு. இந்த நாடகத்துல பாதி விஷயம் வசனத்துல கிடையாது. ஊருக்குள்ள வழி தவறி வந்த போட்டோக்காரனைப் பத்தி ஆடறாங்க, ரயில்வே கதையை ஊமைக்கூத்தா நடிச்சுக் காட்டறாங்க, மேளம் இருக்கு, பாட்டு இருக்கு. வாய்விட்டுப் படிச்சாத்தான், முடிஞ்சா எழுந்து நின்னு நடிச்சாத்தான் அது உள்ள இறங்கும். நான் வகுப்புல பெஞ்சை ஓரமா தள்ளிட்டு ஆட வச்சிருக்கேன், வாயே திறக்காத பிள்ளை ஒருத்தன் சர்வேயரா நடிச்சதை இன்னும் மறக்கலை.

லாகோஸ்_வாணி:

சார், ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி பொண்ணும் நானும் அந்த முதல் காட்சியைப் படிச்சோம், நான் லகுன்லே, அவ சிடி. எங்க வீட்டுல வேலை செய்யற யோருபா அக்கா பக்கத்துல நின்னு கேட்டுட்டே இருந்தாங்க, பரோகாவை ‘பாலே’ங்கறது எங்க ஊர்ல தலைவருக்குச் சொல்றதுதான்னு சொல்லி, பரிசப் பணம் கொடுக்காம கட்டிக்கிட்டா பொண்ணுக்கு என்ன மரியாதை இருக்குன்னு சிடி பக்கம் சேர்ந்து வாதாடினாங்க. பொண்ணு அதை எல்லாம் நோட்ல எழுதிக்கிட்டா.

ஒரு சந்தேகம். கடைசியில சிடி அந்தக் கிழவரையே கட்டிக்கிறா. அவளை ஏமாத்தித்தான வரவழைக்கிறார். பொண்ணுக்கு இது சுத்தமா ஒத்துக்கலை, எனக்கும்தான். பரீட்சையில இப்படி எழுதலாமா, இல்ல ஆசிரியர் பக்கமே எழுதணுமா?

கடுனா_வாத்தியார்:

தாராளமா எழுதலாம்மா. நாடகத்தை ஏத்துக்கணும்னு யாரும் கேக்கலை, ஆதாரம் காட்டினா போதும். தனக்கு ஆண்மை போயிடுச்சுன்னு பரோகா தன் மூத்த பொண்டாட்டி சடிக்குகிட்ட பொய் சொல்றது, சடிக்கு அதை நம்பிச் சந்தையில குதிச்சு ஆடறது, அதைக் கேட்டு சிடி கேலி பண்ணப் போறது, இந்த மூணையும் வரிசையா வச்சு, சிடிக்கு உண்மையில எவ்வளவு தேர்வு இருந்துச்சுன்னு எழுதச் சொல்லுங்க. நல்ல கட்டுரையா வரும்.

மணிமேகலை_ஆர்:

நான் நைஜீரியா பக்கமே போனதில்லை, ஆனா ஆப்பிரிக்க நாவல் தேடித் தேடிப் படிக்கிறவ, அதனால உள்ள வர்றேன். வாணி, ஆப்பிரிக்க நாவல்ல உங்க பொண்ணு எதை எடுத்திருக்கா? நைஜீரியப் பெண் எழுத்தாளர் புச்சி எமெச்செட்டாவோட செகண்ட் க்ளாஸ் சிட்டிசன்னா தயவுசெஞ்சு அதையே வச்சுக்கோங்க. 1974-ல வந்த புத்தகம். லா படிக்கப் போற பொண்ணுக்கு அதுல தொடக்கமே லாயர் கதைதான்: இபுசா ஊர்ல இருந்து இங்கிலாந்து போய் வக்கீலாத் திரும்பற முதல் ஆளை வரவேற்க லாகோஸ்ல இருக்கிற அந்த ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் ஒரே மாதிரி உடுப்பு தச்சுக்கிட்டு அபாபா துறைமுகத்துக்குப் போறாங்க. கதாநாயகி அடா அப்ப குட்டிப் பொண்ணு, அவளைக் கூட்டிட்டுப் போகலை, ஸ்கூல் இருக்கே. அங்கயே அவளுக்கு இங்கிலாந்துங்கற கனவு ஆரம்பிக்குது.

அப்புறம் அந்த ரெண்டு ஷில்லிங் காட்சி. உயர்நிலைப் பள்ளி நுழைவுத்தேர்வுக்குக் கட்டக் காசு இல்லை, கேட்டாலும் யாரும் தர மாட்டாங்க. கறி வாங்கக் கொடுத்த ரெண்டு ஷில்லிங்கை ஒளிச்சு வச்சுட்டுத் தொலைஞ்சு போச்சுன்னு அழுதுக்கிட்டே திரும்பறா. வீட்டுல ஒருத்தர் சவுக்கை எடுத்து அடிக்கிறார், அடி விழ விழ அவ வாயைத் திறக்கலை. அந்தக் காசுலதான் பரீட்சை எழுதி ஸ்காலர்ஷிப்போட மெத்தடிஸ்ட் பெண்கள் பள்ளிக்குப் போறா. நான் அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டுப் புத்தகத்தை மூடி வச்சுட்டேன், அதுக்கு மேல அன்னைக்குப் படிக்க முடியலை. பெண் கல்வி பத்தி ஒரு கேள்வி வந்தா இதை விட என்ன ஆதாரம் வேணும்!

அவ எழுதின கையெழுத்துப் பிரதியைப் புருஷன் ஃபிரான்சிஸ் எரிக்கிறானே, அது ஆசிரியரோட சொந்த வாழ்க்கையிலயே நடந்தது. எரிஞ்சு போன அந்தப் புத்தகத்தைத் திரும்ப எழுதி 1976-ல தி ப்ரைட் ப்ரைஸ்ங்கற பேர்ல கொண்டு வந்தாங்க. கடைசி அத்தியாயத்துல கோர்ட் காட்சி இருக்கு, எங்களுக்குக் கல்யாணமே ஆகலைன்னு ஃபிரான்சிஸ் சாதிக்கிறான், பிள்ளைங்களைத் தத்துக் கொடுத்துடலாம்ங்கறான், அடா நான் பார்த்துக்கறேன்னு நிக்கிறா. வருங்கால வக்கீல் அந்தக் காட்சியை விடவே மாட்டா பாருங்க.

அக்ரா_செல்வம்:

மணிமேகலை மேடம் சொல்றது சரி, ஆனா இன்னொரு நாவலையும் ஒதுக்க வேண்டாம், அன்எக்ஸ்பெக்டட் ஜாய் அட் டான், கானாக்காரர் அலெக்ஸ் அக்யேய்-அக்யிரி எழுதினது. என் பையன் அதைத்தான் எடுத்தான். 1969 நவம்பர்ல கானாவுல பூசியா அரசாங்கம் உத்தரவு போட்டுச்சு, பேப்பர் இல்லாத வெளிநாட்டுக்காரன் எல்லாம் ரெண்டு வாரத்துல வெளிய போகணும்னு, அதுல பெரும்பாலும் நைஜீரியாக்காரங்க. 1983 ஜனவரியில நைஜீரியா திருப்பிக் கொடுத்துச்சு, ஷகாரி ஆட்சியில கானாக்காரங்க லட்சக்கணக்குல துரத்தப்பட்டாங்க. அந்தச் சமயத்துல சாமான் அள்ளிட்டுப் போன கட்டம் போட்ட பைக்கு இன்னைக்கும் லாகோஸ்ல ‘கானா மஸ்ட் கோ’ன்னுதான் பேர், வாணி சிஸ்டர் மார்க்கெட்ல பார்த்திருப்பீங்க.

நாவல்ல நீ டாக்கீன்னு ஒருத்தன், அவனோட கூடப் பிறந்தவ மாமா ஒரோஜோ. 69-ல குடும்பம் கிளம்பிப் போகுது, இவன் மட்டும் கானாவுல தங்கிடறான். கானாவுல இவனை நைஜீரியாக்காரன்ங்கறாங்க, தேடிக்கிட்டு நைஜீரியா போனா அங்க கானாக்காரன்னு விரட்டறாங்க. எங்க தாத்தா ரங்கூன்ல கடை வச்சிருந்து அறுபதுகள்ல எல்லாத்தையும் விட்டுட்டுக் கப்பல் ஏறினவர். மெட்ராஸ்ல இறங்கின பிறகும் பர்மாக்காரர்ங்கற பேர்தான் கடைசி வரைக்கும். பையன் அந்த நாவலைப் படிச்சுட்டு, என் அப்பாவுக்குப் போன் போட்டு, அவரோட அப்பா பேரு என்ன, கடை எந்தத் தெருவுலன்னு கேட்டான். அந்த நாவல் அவன் மனசுக்குள்ள போயிடுச்சுன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

தமிழரசன்_வி:

எல்லாம் படிச்சேன், நல்லா இருக்கு. ஆனா ஒரு விஷயம் யாரும் கேக்கலையே. சோயின்கா சாய்ஸ்ல இருக்கார், எமெச்செட்டா சாய்ஸ்ல இருக்காங்க, ஷேக்ஸ்பியர் மட்டும் சாய்ஸே இல்லாம கட்டாயம், 50-ல 20 கேள்வி. சுதந்திரம் வாங்கி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் லாகோஸ்ல ஒரு பொண்ணு ஏதென்ஸ் காட்டுல தேவதைங்க சண்டை போடறதைப் படிச்சாத்தான் வக்கீலாக முடியுமா? அந்த 20 கேள்வியை நைஜீரியாவோட சொந்த எழுத்தாளர் அச்செபேக்குக் கொடுத்தா என்ன? எனக்கு இதுல உண்மையாவே கோபம் வருது.

மணிமேகலை_ஆர்:

இந்தக் கோபம் புதுசு இல்லை தமிழரசன், ஆப்பிரிக்காவுக்குள்ளயே பெரிய சண்டையா நடந்திருக்கு. 1968-ல நைரோபி பல்கலைக்கழகத்துல கூகி வா தியாங்கோ, டாபான் லோ லியோங், ஹென்றி ஓவூர்-அன்யும்பா மூணு பேரும் ஒரு அறிக்கை எழுதினாங்க, ஆங்கிலத் துறையையே கலைங்க, ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவுல வச்சு, அங்க இருந்து உலகத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு துறை வேணும்னு. வாய்மொழி இலக்கியத்தையும் உள்ள கொண்டு வரச் சொன்னாங்க. ஒழிச்சுக் கட்டணும்ங்கறது இல்லை அவங்க வாதம், எது நடுவுல, எது ஓரத்துலங்கறதுதான். இந்த 2021-2025 வேயெக் பட்டியல்ல எல்லாப் பிரிவுலயும் பாதிக்குப் பாதி ஆப்பிரிக்கா இருக்கு, ஷேக்ஸ்பியர் ஒண்ணுலதான் சமம் குலையுது. அதனால உங்க கேள்வி சரியான இடத்துலதான் குத்துது.

புத்தகமே இல்லாம பாடம் வைக்க முடியாதுங்கறதையும் யோசிங்க. ஹெய்னமன் பதிப்பகம் 1962-ல ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையைத் தொடங்கி, மாணவன் வாங்கற விலைக்குப் பேப்பர்பேக் போட்ட பிறகுதான் வகுப்புக்குப் புத்தகம் கிடைச்சுது. அதோட முதல் புத்தகம் அச்செபேயோட திங்ஸ் ஃபால் அபார்ட், முதல் நூறு புத்தகத்துக்கு ஆலோசக ஆசிரியரும் அவரேதான். சும்மா கூடி வந்ததில்லை அது.

கடுனா_வாத்தியார்:

நான் தமிழரசன் தம்பியோட ஒத்துப் போறேன், சாய்ஸ் இருக்கணும். ஆனா பொண்ணு அடுத்த வருஷம் பரீட்சை எழுதணும், அதனால இருக்கிறதை வச்சுப் பேசறேன். இந்தப் பட்டியல்ல இருக்கிற ஷேக்ஸ்பியர் நாடகம் எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம். அதுல கேள்வி எப்படி வரும்னா, நாலஞ்சு வரி வசனத்தைக் கொடுத்து இதைப் பேசறது யாரு, யார்கிட்ட பேசறாங்க, இதுக்கு அடுத்து என்ன நடக்குதுன்னு கேப்பாங்க. நோட்ஸ் இங்க துளியும் உதவாது, வரி பழகியிருக்கணும். ஹெர்மியா, ஹெலெனா, லைசாண்டர், டெமெட்ரியஸ் நாலு பேரும் காட்டுல யார் பின்னாடி யார் ஓடறாங்கன்னு காதல் மயக்கம் தர்ற பூச்சாறை ஒவ்வொரு தடவை கண்ணுல பிழியும்போதும் ஒரு படம் போட்டு வச்சுக்கணும், இல்லேன்னா குழம்பிடும். தேவதை ராஜா ஓபரானும் ராணி டைட்டானியாவும் சண்டை போடறது எதுக்குன்னு பொண்ணுகிட்ட கேளுங்க, ஒரு இந்திய ராஜாகிட்ட இருந்து வந்த பையனுக்காக. நம்ம ஊர்ப் பிள்ளைக்கு அது மறக்காது.

கவிதைப்_பிரியன்:

கவிதைப் பக்கம் யாருமே வரலையே. பன்னெண்டும் படிக்கணும்னு பயப்பட வேண்டாம், நாவலோட ஒப்பிட்டா மொத்தமும் சில பக்கம்தான், தினம் ஒண்ணை ரெண்டு தடவை சத்தமாப் படிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. ஆப்பிரிக்கப் பட்டியல்ல ரெண்டு பேர் நாட்டோட முதல் ஜனாதிபதி, செனகலோட சங்கோர், அங்கோலாவோட அகஸ்டினோ நெட்டோ. சங்கோர் பிரெஞ்சுல எழுதினவர், நெட்டோ போர்த்துகீசியத்துல. சங்கோரோட கறுப்புப் பெண் கவிதையில அந்தப் பெண் ஒரு காதலியா, அம்மாவா, இல்ல ஆப்பிரிக்கா மண்ணேவான்னு கேட்டுக் கேட்டுப் படிச்சா நெக்ரிட்யூட்ங்கற, கறுப்பின அடையாளத்தைப் பெருமையாப் பாடற இலக்கிய இயக்கம் என்னன்னு தனியா மனப்பாடம் பண்ணவே வேண்டாம்.

நியி ஒசுண்டாரேயோட தலைவன் பத்தின கவிதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. காட்டுல ஒவ்வொரு மிருகமா நான்தான் தலைவன்னு வருது, ஒவ்வொண்ணுக்கும் மத்தது ஒரு குறை சொல்லுது, சிங்கம்னா மான் நடுங்குது, யானைன்னா எல்லாரையும் மிதிக்கும். ஒரு குணம் மட்டும் இருக்கிறவன் ஆள முடியாது, எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வேணும்னு காட்டுல இருக்கிற ஞானி சொல்றார். நைஜீரியாவுல தேர்தல் நடக்கிறதைப் பார்த்த பொண்ணுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலப் பட்டியல்ல டிலன் தாமஸ் கவிதையோட வடிவத்தைப் பழகிக்கோங்க, வில்லனெல், 19 வரி, மூணு மூணு வரியா அஞ்சு பத்தி, கடைசியில நாலு வரி, ரெண்டு வரி மட்டும் மாறி மாறித் திரும்பி வரும். சாகக் கிடக்கிற அப்பாகிட்ட விடாதே விடாதேன்னு மகன் கெஞ்சறதுக்கு அந்தத் திரும்பி வர்ற வரிதான் வலு. இப்படி வடிவத்தையும் பொருளையும் முடிச்சுப் போட்டு எழுதினா தேர்வாளர் கண்ணுல படும். ஹாப்கின்ஸ் கவிதை 1879-ல ஆக்ஸ்ஃபோர்ட் பக்கம் வெட்டின பாப்ளர் மரங்களைப் பத்தி, லாகோஸ்ல ரோட்டுக்காக மரம் வெட்டறதைப் பார்த்திருந்தா தானா புரியும். மாயா ஏஞ்சலோ அறுபதுகளோட தொடக்கத்துல அக்ராவுலயே வாழ்ந்தவங்க, அவங்களை ‘ஆப்பிரிக்கா அல்லாத’ பட்டியல்ல பார்க்கும்போது எனக்கு எப்பவும் ஒரு மாதிரி இருக்கும்.

டெமா_கார்த்தி:

இவ்வளவு படிச்ச பிறகு சொல்றேன், ஆப்பிரிக்கப் புத்தகத்தைப் பொறுத்தவரை வாத்தியார் சார் சொல்றதை ஒத்துக்கறேன். வதரிங் ஹைட்ஸ் விஷயத்துல என் கருத்து அப்படியேதான். அதுக்குப் பதிலா ரால்ஃப் எலிசனோட இன்விசிபிள் மேனும் இருக்கு, ஆனா அது இன்னும் பெரிய புத்தகம். ரெண்டுல ஒண்ணைப் படிச்சுத்தான் ஆகணும்னா வதரிங் ஹைட்ஸே எடுங்க, ஆனா ஜோசஃப் பேசற இடத்துல நின்னு நேரத்தை விடாதீங்க, கதையை யார் யாருக்குச் சொல்றாங்கன்னு பிடிச்சுக்கோங்க. லாக்வுட் எழுதறார், அவருக்கு நெல்லி டீன் சொல்றா, நெல்லிக்கு வேற ஆளுங்க சொன்னதும் உள்ள வருது. கதைசொல்லும் முறைங்கற கேள்வி வந்தா அதுதான் பதில். ஆப்பிரிக்கா அல்லாத நாடகத்துல அமெரிக்க நாடகம் ஃபென்சஸ் எடுங்க, சின்னது, மனசுல நிக்கும். அதுல அப்பா ட்ராய் நல்லா பேஸ்பால் ஆடியும் கறுப்பன்னு பெரிய லீகுக்குள்ள விடலை, இப்ப குப்பை வண்டியில வேலை, தன் மகன் கோரிக்கு ஃபுட்பால்ல காலேஜ் ஸ்காலர்ஷிப் வர்ற வாய்ப்பை அவரே கெடுக்கிறார். அப்பா மகன் சண்டையைப் பத்தி எங்க வகுப்புல பசங்க தானா முன்வந்து பேசினது அந்த நாடகத்துக்குத்தான்.

லாகோஸ்_வாணி:

எல்லாருக்கும் மனசார நன்றி. பொண்ணும் நானும் உக்காந்து முடிவு பண்ணிட்டோம்: செகண்ட் க்ளாஸ் சிட்டிசன், வதரிங் ஹைட்ஸ், லயன் அண்ட் ஜூவல், ஃபென்சஸ். இந்த நாலும் ஒரிஜினல் வாங்கியாச்சு, ரெண்டு பழைய புத்தகம்தான், முன்னாடி வச்சிருந்த பிள்ளை ஓரத்துல எழுதின குறிப்பெல்லாம் இருக்கு, பொண்ணு அதையும் உக்காந்து படிக்கிறா. டியூஷன் சார்கிட்ட சுருக்கப் புத்தகம் கடைசி மாசத்துல திருப்பிப் பார்க்க மட்டும்னு சொல்லிட்டோம். கடைசியா ஒண்ணு: கட்டுரை எழுதிப் பழக வீட்டுல எப்படிப் பண்றது? நான் திருத்த முடியாது.

கடுனா_வாத்தியார்:

நேரத்தைக் கணக்குப் பண்ணுங்கம்மா. நாவல் பேப்பர்ல 75 நிமிஷத்துல ரெண்டு கட்டுரை, அடுத்த பேப்பர்ல 150 நிமிஷத்துல நாலு, ஆக ஒண்ணுக்கு 37 நிமிஷம்தான். முதல் அஞ்சு நிமிஷம் கேள்வியில இருக்கிற வினைச்சொல்லை அடிக்கோடு போட்டு, அஞ்சாறு பாயிண்ட்டை ஒரு ஓரத்துல எழுதட்டும். ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் ஒரு காட்சியும் ஒரு பேரும் கட்டாயம். நீங்க லிட்ரேச்சர் தெரிஞ்சு திருத்த வேண்டாம், பக்கத்துல பென்சிலோட உக்காந்து, ஒவ்வொரு பத்தியிலயும் காட்சி இருக்கா, இல்ல வெறும் பேச்சான்னு மட்டும் பாருங்க, காட்சி இல்லாத பத்தியில ஒரு சுழி போட்டுத் திருப்பிக் கொடுங்க.

முதல் கேள்வி நான் தர்றேன்: ‘தி லயன் அண்ட் தி ஜூவல் நாடகத்துல சடிக்குவோட பங்கு என்ன?’ அவளைப் பத்தி இந்த இழையில நாம அதிகம் பேசலை, அதனால பொண்ணு தானே தேடி எடுக்கணும். எழுதினதும் போட்டோ எடுத்து இங்க போடுங்க, பார்த்துச் சொல்றேன்.